சாம்பல் நிறப் பின்சீட்டு

பழைய காரின் சீட்டு ஒரிஜினலா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், முதலில் அதைக் கவிழ்த்துப் போட வேண்டும். மேலே இருப்பதை யார் வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றியிருப்பார்கள். அடிப்பக்கத்தை மாற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

இதை எங்கள் பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் எழுதிப் போட்டேன். பட்டறையில் இப்போது நிறத்தைப் படிக்கிற சின்ன மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். துணி மேலோ தோல் மேலோ வைத்து அழுத்தினால் நிறத்தை எண்ணாகச் சொல்லிவிடும். நல்ல மெஷின். என் காலத்தில் இருந்திருந்தால் என் கண் கொஞ்சம் பிழைத்திருக்கும். ஆனால் அதை எந்த இடத்தில் வைத்து அழுத்துவது என்று ஒருவர் கேட்டிருந்தார். வெயில் படாத இடத்தில் வை என்று பதில் போட்டேன். அதிலிருந்து பேச்சு வளர்ந்து, "அக்கா, நீலசந்திரா பின்சீட்டு விஷயத்தை நீங்களே எழுதிடுங்க. இங்க ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்று முடிந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அமுதா. வீடு பெங்களூர் நீலசந்திராவில். அடுகோடியில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். சீட்டு, கதவின் உள்பக்கம், கூரைத்துணி, காலடி விரிப்பு என்று காருக்குள்ளே கை படுகிற எல்லாமே எங்கள் பிரிவு. கடைசி நாலைந்து வருஷம் அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமை. அப்போது பெங்களூரில் இந்த வேலையில் வேறு ஒரு பெண் தலைமையாக இருந்ததாக எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அதற்கு முன்னால் ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியை மூடியபோது, பட்டறையில் கூரைத்துணி தைக்க ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போய் நின்றேன். அங்கே உள்வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரஷீத் பாய். ஒரு துண்டுத் தோலையும் நூலையும் கொடுத்து, வளைவாக ஒரு தையல் போடச் சொன்னார். போட்டேன். "காலர் தெச்ச கை. வளைவு தெரிஞ்சிருக்கு. நாளைக்கு வந்துடும்மா" என்றார். இரண்டு வருஷம் கூரைத்துணி, அப்புறம் கதவுப் பலகை, அப்புறம் சீட்டு. பழகிய காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் பழகுகிற மாதிரிதான் நானும் பழகினேன், ஊசியில் குத்திக்கொண்டு.

ரஷீத் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனுஷர், வெள்ளைச் சட்டை. இந்த வேலையில் வெள்ளைச் சட்டை போடுகிறவரை நான் வேறு பார்த்ததில்லை. ஒரு புதுக் கார் உள்ளே வந்ததும் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். ஈரம் போகத் துடைத்துக்கொண்டு, காருக்குள் ஏறி, ஒன்றையும் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். வாசனை பிடிக்கிறார் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் சீட்டுக்கு அடியிலிருக்கும் தூசியை ஒரு பிரஷ்ஷால் கூட்டி, பாலிதீன் பைக்குள் போட்டு வைப்பார். "குப்பைய ஏன் பாய் எடுத்து வெக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேட்டேன். "இந்தக் குப்பையில மொதல்ல போட்ட சீட்டோட நூல் இருக்கும்" என்றார். பல தடவை இருந்திருக்கிறது.

ஆணியைப் பிடுங்கும்போது அதை வரிசை மாறாமல் ஒரு அட்டையில் குத்தி வைக்க வேண்டும். ஆணித் தலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் துணித் துணுக்கைக் கிடுக்கியால் எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். மரச் சட்டத்தில் எத்தனை வரிசை ஓட்டை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை உறை மாற்றும்போதும் ஒரு வரிசை ஓட்டை கூடும். ஒரே வரிசைதான் என்றால் அந்தச் சீட்டை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். நூலைத் தீயில் காட்டினால் நைலான் உருகி மணி மாதிரி சுருண்டுகொள்ளும், பருத்தி காகிதம் எரிகிற வாசனை விடும், கம்பளி மயிர் பொசுங்கும் வாசனை விட்டுப் பொடியாகும். நாற்பதுகளில் வந்த காரில் நைலான் தையல் இருந்தால், தோல் எவ்வளவு பழசாகத் தெரிந்தாலும் அது பின்னால் வந்த கை.

இதெல்லாம் செய்தாலும் 'ஒரிஜினல்' என்ற வார்த்தையை ரஷீத் பாய் வாயிலிருந்து வாங்க முடியாது. "பழசு" என்பார். "ரொம்பப் பழசு" என்பார். வாடிக்கையாளர் வற்புறுத்திக் கேட்டால், "ஒரு சாட்சி போதாது சார். இன்னும் பாக்கணும்" என்பார். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சிவப்புத் தோல் சீட்டுகளைக் கொண்டுவந்து, ஒரிஜினல்தானே என்று கேட்டார். ரஷீத் பாய் அதைக் கவிழ்த்து என்னைப் பார்க்கச் சொன்னார். உள்ளே சட்டமெல்லாம் ஸ்டேப்ளர் பின்; அந்தக் காலத்துச் சீட்டில் ஆணிதான் இருக்கும். நான் அவரைப் பார்த்தேன். "நல்ல சீட்டு சார், சௌகரியமா இருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வரவழைத்தார். அந்த வாடிக்கையாளருக்கும் புரிந்துவிட்டது. டீயைக் குடித்துவிட்டு, "அப்போ தேடலாம் பாய்" என்றார். மனசு நோகாமல் உண்மையைச் சொல்ல அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். இது நடந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது; அப்போது பிரிவுக்கு ரஷீத் பாய்தான் தலைமை.

இங்கிலாந்தில் செய்த நாலு கதவுக் கார், நாற்பதுகளின் கடைசியில் வந்தது. கம்பெனிப் பெயர் வேண்டாம். கொண்டுவந்தவர் ரகுநாதன் சார், எலெக்ட்ரானிக் சிட்டியில் சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் இன்ஜினியராக இருந்தவர். கார் அவர் வாங்கியது. தமிழ்க் குடும்பம், நாலு தலைமுறையாக மல்லேஸ்வரத்தில். ஷெட்டில் கிடந்த காரை மறுபடி ஓடவிட்டு, அந்த வருஷம் நடக்கும் பழைய கார் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கே வெறும் பளபளப்புக்கு மார்க் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முன்சீட்டில் பிரச்சினை இல்லை. மேலே மாட்டியிருந்த பழுப்பு ரெக்ஸினைக் கழற்றினால் அடியில் பச்சைத் தோல் அப்படியே இருந்தது. அந்த மாடலுக்குத் தோல் சீட்டுதான் வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் பின்சீட்டுக்கும் பச்சைத் தோல் என்று முடிவு செய்து, ரகுநாதன் சார் தோலையும் வாங்கி வைத்துவிட்டார். சரியான பச்சை. ரஷீத் பாயே தேர்ந்தெடுத்தது.

பின்சீட்டைக் கழற்றும் வேலை என்னிடம் வந்தது. சாய்மானத்தின் சட்டத்தில் மூன்று வரிசை ஓட்டை. கடைசியாகப் போட்டது பழுப்பு ரெக்ஸின், அதற்கு முன்னால் பச்சை ரெக்ஸின். எல்லாவற்றுக்கும் பழசான மூன்றாவது வரிசையில், தலை பாதி முறிந்துபோன ஓர் ஆணி மரத்திலேயே நின்றுவிட்டிருந்தது. அதன் தலைக்கு அடியில் ஏதோ சிக்கியிருந்தது. பச்சைத் தோல் துணுக்கு என்று நினைத்துக் கிடுக்கியால் எடுத்தேன். தோல் இல்லை, துணி. சாம்பல் நிறம். நெருப்பில் ஓர் இழையைக் காட்டினேன். மயிர் பொசுங்கும் வாசனை. கம்பளி.

ரஷீத் பாயிடம் கொண்டுபோனேன். லென்ஸில் வெகு நேரம் பார்த்தார்.

"நல்ல துணி. யாரோ பின்னாடி போட்டிருப்பாங்க."

"மூணாவது வரிசை பாய். அதுக்கு முன்னாடி வேற வரிசை இல்லையே."

"மொதல்ல தோல் இருந்து, அதைக் கழட்டிட்டு, அதே ஓட்டையிலயே துணிய அடிச்சிருந்தா? நல்ல வேலைக்காரன் அப்படித்தான் செய்வான். நான் செஞ்சிருக்கேன்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் மனசு ஒப்பவில்லை. திரும்பிப் போய் உட்காரும் சீட்டைக் கவிழ்த்தேன். அதில் ஓட்டை இரண்டே வரிசை. மரமும் வேறு. சாய்மானத்தின் சட்டம் கனமான வெளிநாட்டு மரம், இது சில்வர் ஓக்; நம் ஊர்த் தச்சர் இழைத்தது. சாய்மானத்தின் உள்பக்கம் மரத்தில் ஓர் எண் குத்தியிருந்தது, இதில் எண் இல்லை. ஆக, இந்தக் காரோடு வந்த உட்காரும் சீட்டு இது இல்லை. அது எங்கேயோ போய்விட்டது; யாரோ இந்த ஊரில் வேறொன்று செய்து போட்டிருக்கிறார்கள்.

"பாய், அந்தச் சீட்டு கெடச்சா தெரிஞ்சிடும்" என்றேன்.

"எழுபது வருஷம் ஆச்சு அமுதாம்மா. எங்கேன்னு தேடுவ?"

"ரகுநாதன் சார்கிட்ட கேக்கறேன். அது வரைக்கும் தோலை வெட்ட வேணாம் பாய்."

கண்காட்சிக்கு இன்னும் சில மாதம்தான் இருந்தது. தோல் மேசை மேல் விரித்துக் கிடந்தது, வெட்டுவதற்குக் கோடு போட்டாகிவிட்டது. நேரத்துக்கு முடியாவிட்டால் பட்டறைக்குத்தான் கெட்ட பெயர். பேசாமல் வெட்டு என்று அவர் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் தோலைத் தானே சுருட்டி அலமாரியில் வைத்தார். "கேளு. கேட்டதால ஒண்ணும் நஷ்டமில்ல. ஆனா ஞாபகத்தச் சாட்சின்னு எடுத்துக்க நக்கோ" என்றார். அவர் வீட்டு மொழியில் 'நக்கோ' என்றால் 'வேண்டாம்'.

ரகுநாதன் சாருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவருடைய அத்தை இருந்தார், எண்பது வயதைத் தாண்டியவர். எங்கள் முன்னாலேயே போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா தோல் சீட்டுல உக்கார மாட்டா. ஸ்நானம் பண்ணிட்டுக் கோயிலுக்குப் போறச்சே மாட்டுத் தோல் மேல எப்படி உக்கார்றதுன்னு ஒரே பிடிவாதம். அப்பா கார் புக் பண்றச்சேயே, பின்னாடிக்கு மட்டும் துணி வேணும்னு சொல்லி வரவழைச்சார்" என்றார் அந்த அத்தை.

"அந்த சீட்டு எங்க அத்தை?"

"அதுவா? டிரைவர் முனுசாமி எடுத்துண்டு போனாரே. ரிட்டயர் ஆறச்சே அப்பாதான் குடுத்தார். ஏன் குடுத்தார்னு தெரியாது. நீலசந்திராவுல அவாளுக்கு வீடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் நான் பஸ் ஏறுகிற ஊர்.

நீலசந்திராவில் முனுசாமி என்று கூப்பிட்டால் நாலு வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று தெருவில் விசாரித்தேன். "இன்ஜினியர் ஐயா வீட்டுல கார் ஓட்டினவரா? சோபா வீடு" என்று ஒரு கடைக்காரர் கையைக் காட்டினார். அந்தத் தெருவிலேயே முதன்முதலாக சோபா வந்த வீடு அதுதானாம். அதிலிருந்து அந்தப் பெயர்.

கதவைத் திறந்தவர் முனுசாமி டிரைவரின் மகள் யசோதரா. எழுபது வயது இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் சுவரை ஒட்டி, செங்கல் கால்களுக்கு மேல், பூப்போட்ட உறை மாட்டிய நீளமான சீட்டு ஒன்று இருந்தது. அதன் அகலத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வந்த விஷயத்தை மறைக்காமல் சொன்னேன்.

"பாருங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுடுங்க" என்றார்.

உறையை அவரே கழற்றினார். அடியில் சாம்பல் நிறத் துணி, நீளவாட்டில் மடிப்பு மடிப்பாகத் தைத்தது. உட்காருகிற இடத்தில் தேய்ந்து வெளுத்திருந்தது, ஓரமெல்லாம் கெட்டியாக இருந்தது. இரண்டு பேரும் பிடித்து அதைக் கவிழ்த்தோம். ஒரே வரிசை ஆணி. ஒன்றுகூடப் பிடுங்கப்படவில்லை. கனமான அந்த வெளிநாட்டு மரம். மூலையில் குத்திய எண், சாய்மானத்தில் இருந்த அதே எண். துணி மடங்கி உள்ளே போகிற இடத்தில், வெயிலே படாத இடத்தில், நிறம் சாம்பல்கூட இல்லை. மழை வருவதற்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த நீலம் கலந்த சாம்பல்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ சீட்டைக் கவிழ்த்திருக்கிறேன். யாரும் கை வைக்காத சீட்டு ஒன்று முழுசாக என் முன்னால் கிடந்தது அதுதான் முதல் தடவை.

"இது எப்படிம்மா உங்க வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டேன்.

யசோதரா அம்மா சீட்டை நிமிர்த்தி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சொன்னார். "எங்க அப்பா அந்த வண்டிய அத்தன வருஷம் ஓட்டினாரு. தொடைக்கறதுக்குத் தவிர பின்னாடி சீட்டுப் பக்கம் போனதில்ல. அந்தக் காலத்துல அதெல்லாம் நடக்காது. வண்டில யாருமே இல்லாதப்பகூட உக்காந்ததில்ல. வேலைய விடற அன்னைக்கு ஐயா கூப்பிட்டு, 'முனுசாமி, உனக்கு என்ன வேணும், கேளு'ன்னாராம். அப்பா, 'அந்தப் பின்சீட்டு வேணும் சாமி'ன்னாராம்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஏன்னுகூடக் கேக்கலியாம். அப்பவே ஆள வரச்சொல்லிக் கழட்டி, வண்டி வெச்சு அனுப்பிட்டாரு. அதுல ஒக்காந்துதான் எங்க அப்பா பேப்பர் படிப்பாரு. வர்றவங்களையும் பக்கத்துல ஒக்காருன்னுவாரு. யாரா இருந்தாலும். நான் நர்ஸ் படிப்புக்குப் படிச்சது இதுல ஒக்காந்துதான்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: "எடுத்துட்டுப் போகவா வந்திருக்கீங்க?"

"இல்லம்மா. பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். அது உண்மை.

மறுநாள் ரஷீத் பாயை அழைத்துக்கொண்டு போனேன். வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, ஆணி வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். எண்ணைத் தடவிப் பார்த்தார். மூக்கை வைத்து முகர்ந்தார். அப்புறம் எழுந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒரிஜினல்" என்றார்.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் சொன்னது சரியாகப் போனதில் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். திரும்பி வரும்போது ஆட்டோவில், "கேக்கறேன்னு நீ சொன்னதும் நான் தோலைச் சுருட்டினேனே, ஏன்னு நெனச்ச?" என்று கேட்டுவிட்டு, பட்டறை வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார்.

ரகுநாதன் சார் அந்த வாரமே நீலசந்திராவுக்கு வந்தார். மரியாதையான மனுஷர். செருப்பை வெளியே விட்டு, பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஆனால் சீட்டைப் பார்த்ததும் அவருக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நீங்க எந்த மாதிரி சோபா கேட்டாலும் நான் வாங்கித் தரேன். இது எனக்கு வேணும். இது எங்க காரோட சீட்டு."

"உங்க காரோட சீட்டுதான்" என்றார் யசோதரா அம்மா. குரல் ஏறவில்லை. "எங்க அப்பா வாய் விட்டுக் கேட்டாரு. உங்க தாத்தா மனசு வெச்சுக் குடுத்தாரு. கேட்டவரும் இல்ல, குடுத்தவரும் இல்ல. இதுல நாம ரெண்டு பேரும் மாத்தறதுக்கு என்ன இருக்கு?"

ரகுநாதன் சாருக்கு முகம் சிவந்தது. யசோதரா அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். முனுசாமி டிரைவரின் போட்டோ சுவரில் இருந்தது. எழுந்து போய் அதைப் பார்த்தார். "சின்ன வயசுல அப்பா இவரைப் பத்திச் சொல்வார். அப்பாவை ஸ்கூலுக்குக் கொண்டு விட்டவர்" என்றார். வெளியே வந்து காரில் ஏறியதும் என்னைக் கேட்டார்.

"அமுதாம்மா, இதே மாதிரி உங்களால ஒண்ணு தைக்க முடியுமா? பார்த்தா வித்தியாசம் தெரியக்கூடாது."

"துணி கெடச்சா முடியும் சார்."

துணிக்கு மாதிரி வேண்டும். மறுபடி நானே போய்க் கேட்டேன். யசோதரா அம்மா சீட்டைக் கவிழ்க்கச் சொல்லி, உள்ளே மடங்கியிருந்த ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், என் கத்தரியை வாங்கித் தானே ஒரு விரல் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தார். "ஆஸ்பத்திரில நான் பேண்டேஜ் வெட்டின கை. கோணாது" என்றார். கோணவில்லை.

அந்தத் துண்டை வைத்துக்கொண்டு துணிக்கடை துணிக்கடையாக அலைந்தோம். கோட்டுத் துணியில் நிறம் கிடைத்தால் கனம் இல்லை. கனம் கிடைத்தால் அந்த மெல்லிய வரி இல்லை. கடைசியில் வடக்கே ஒரு கம்பளி மில் சின்ன அளவில் நெய்து தர ஒப்புக்கொண்டது. முதல் மாதிரியில் பச்சை அடித்தது. அடுத்ததில் நீலம் தூக்கலாக இருந்தது. ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்தில், நிழலில், காருக்குள் என்று மூன்று இடத்திலும் வைத்துப் பார்த்தேன். காருக்குள் சரியாக இருப்பதுதான் கணக்கு. மூன்றாவது மாதிரி வந்தபோது அந்தத் துண்டை அதன் மேல் வைத்துவிட்டு எடுக்கப் போனேன், எங்கே வைத்தேன் என்று தேட வேண்டியிருந்தது.

தைப்பதற்கு மறுபடி நீலசந்திரா போய் மடிப்புகளை அளந்தேன். எல்லா மடிப்பும் ஒரே அகலமாக இருக்கும் என்றுதான் நினைத்தோம். இடது ஓரத்தில் ஒரு மடிப்பு மட்டும் கொஞ்சம் ஒல்லி. இங்கிலாந்தில் அன்றைக்குத் தைத்த ஆள் கடைசியில் இடம் பற்றாமல் நெருக்கியிருக்க வேண்டும். "இதையும் அப்படியே தைக்கணுமா?" என்று பட்டறையில் கேட்டார்கள். அப்படியேதான் தைத்தேன். உள்ளே பழைய முறையில் ஸ்பிரிங், அதன் மேல் சாக்குத்துணி, குதிரை முடி, பஞ்சு. ஒரு துண்டு ஃபோம் கூட வைக்கவில்லை. சட்டத்துக்கு மரம்கூட ரஷீத் பாய் ஒரு பழைய பங்களாவின் கதவிலிருந்து வாங்கிவந்தார். என் வாழ்நாளில் தைத்ததில் அந்தச் சீட்டுதான் சிறந்தது. அதை உருவாக்கிய நாட்களில் வீட்டில் சமைத்ததுகூட எனக்கு நினைவில்லை. என் வீட்டுக்காரர்தான் சமைத்திருப்பார்.

கண்காட்சி அன்று ஒரு பெரிய புல்வெளியில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவராக வந்தவர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். அந்த மாடலையே வீட்டில் வைத்திருப்பவர். பின்கதவைத் திறந்து பார்த்ததும் புருவத்தைச் சுருக்கினார்.

"இந்த வண்டிக்குத் தோல்தானே வரும்? துணி எப்படி?" என்று கன்னடத்தில் கேட்டார்.

ரஷீத் பாய் ஒரு அடி பின்னால் நகர்ந்து, என்னைக் காட்டினார். "இவங்களக் கேளுங்க சார். இது இவங்க வேலை."

நான் கன்னடத்திலேயே சொன்னேன். முறிந்த ஆணி, சாய்மானத்தின் மூன்று வரிசை, வேறு மரம், எண் எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். நல்ல கேள்விகளாகக் கேட்டார். ஓட்டையைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கலாமே என்று ரஷீத் பாய் கேட்டதையும் கேட்டார். கடைசியில், "நீங்க சொல்றத நம்பறேன். ஆனா நான் மார்க் போடணும்னா என் கண்ணால பார்க்கணும்" என்றார்.

"நீலசந்திராவில இருக்கு சார். பக்கம்தான். போலாமா?"

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பக்கத்து நடுவரிடம் ஏதோ சொன்னார், தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குறுகலான தெருவில் அவருடைய கார் நுழையாமல் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். யசோதரா அம்மா அவரிடமும் செருப்பை வெளியே விடச் சொன்னார். மேஜர் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். எண்ணைப் படித்தார். கையோடு கொண்டுவந்திருந்த சாய்மானத்தின் போட்டோவோடு சேர்த்துப் பார்த்தார். எழுந்து, யசோதரா அம்மாவுக்கு நேராக நின்று, "இவ்வளவு வருஷம் இதை இப்படிக் காப்பாத்தினதுக்கு ரொம்ப நன்றி" என்றார்.

"காப்பாத்தலியே சார். உக்காந்துக்கிட்டுத்தான் இருந்தோம்" என்றார் அவர்.

திரும்பும்போது யசோதரா அம்மாவும் எங்களோடு வந்தார். அப்பா ஓட்டிய வண்டியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். மேஜர் தன் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைக்கு உள்வேலைக்கு முதல் பரிசு எங்கள் காருக்கு. மேடையில் ரகுநாதன் சாரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னையும் ரஷீத் பாயையும் கூட்டிக்கொண்டு ஏறினார். மைக்கில் என் பெயரைச் சொன்னார். பின்சீட்டின் அசல் நீலசந்திராவில் முனுசாமி டிரைவர் குடும்பத்திடம் இருக்கிறது என்றும் சொன்னார். யாரும் சொல்லிக்கொடுத்து அவர் அதைச் சொல்லவில்லை.

கீழே இறங்கி வந்ததும் யசோதரா அம்மாவுக்காக அவரே பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்கம்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

யசோதரா அம்மா குனிந்து, புறங்கையால் நான் தைத்த துணியைத் தடவினார். இடது ஓரத்து ஒல்லி மடிப்பைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஆனால் ஏறவில்லை.

"பின்சீட்டு எங்க வீட்டுலயே இருக்கு சார்" என்றார். "எங்க அப்பா உக்காந்த எடத்துல ஒரு தடவ உக்காரட்டுமா?"

ரகுநாதன் சார் சுற்றிப் போய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். யசோதரா அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தார். அந்த முன்சீட்டின் தோலை நாங்கள் மாற்றவில்லை. அழுக்கெடுத்து, எண்ணெய் கொடுத்து, விரிசலை மட்டும் மூடியிருந்தோம். கதவுப் பக்க ஓரத்தில் பச்சை போய், பழுப்பாக, கண்ணாடி மாதிரி வழவழத்திருந்தது. அவர் விரல் அந்த இடத்தில் நின்றது.

"இது ஏன் இப்படி ஆயிருக்கு?"

"ஏறி எறங்கின தேய்மானம்மா" என்றேன். "அத்தன வருஷமும் ஏறி எறங்கினது உங்க அப்பாதானே."

அதைத் தடவிக்கொண்டே இருந்தார். புல்வெளியில் பேண்டு வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"இத மாத்திடாதீங்க" என்றார்.

ரகுநாதன் சார் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "மாத்த விடமாட்டேன்மா."